இரும்புச்சத்துக் குளிசை: எவ்வளவு, எப்படி, எத்தனை காலம்?



இம்முறை நலவியல் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் புதியதன்று. எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் இரும்புச்சத்துக் குளிசைப் பெட்டி இல்லாத வீடு குறைவு என்றே சொல்லலாம். ஆனால் அந்தப் பெட்டியில் உள்ள குளிசைகள் முடிந்தனவா, எப்படி எடுக்கப்பட்டன என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. ஆகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

எமது அடியார்களில் ஒரு தாயின் அனுபவத்தை, அவரது சம்மதத்துடன், பெயர் குறிப்பிடாமல் இங்கு தருகிறோம். நாற்பது வயதைத் தாண்டியவர். அன்னதான மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னே நின்று வேலை செய்பவர். தேர்த் திருவிழாவன்று படியேறும்போது மூச்சு வாங்கி, கண் இருண்டு, அப்படியே படியில் அமர்ந்துவிட்டார். "விரதம் இருந்ததாலே" என்று எல்லோரும் நினைத்தோம். பின்னர்தான் உண்மை தெரிந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்னரே அவருக்கு இரத்தச்சோகை என்று கண்டு, குடும்ப வைத்தியர் நாளுக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்திருக்கிறார். மகளின் சாமத்தியச் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. "மூண்டு போட்டால் கெதியாய் ஏறும் எண்டு நினைச்சன்" என்றார் அவர். மூன்று வேளையும் எடுத்தார். வயிற்றுவலி, குமட்டல், மலச்சிக்கல். ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டார். கணவரிடமும் சொல்லவில்லை, வைத்தியரிடமும் சொல்லவில்லை. பெட்டி குசினி லாச்சிக்குள் கிடந்தது.

அவர் செய்தது அசட்டையால் அன்று. ஊரில் முன்பு வைத்தியர்கள் சொன்னதும் அதுதான்; இந்த நாட்டிலும் சில காலத்துக்கு முன்வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று குளிசை என்றுதான் எழுதினார்கள். அந்த வழக்கம் ஏன் மாறியது என்பதே இன்றைய பாடம்.

முதலாம் பகுதி: இரண்டு எண்களை அறிந்துகொள்வோம்

நமது குருதியின் சிவப்பு அணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற பொருளே உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கிறது. அதைச் செய்வதற்கு இரும்பு வேண்டும். இரும்பு போதாதபோது ஹீமோகுளோபின் குறைகிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, நெஞ்சு படபடப்பு, முடி உதிர்தல் முதலியவை தோன்றுகின்றன. சிலருக்குப் பச்சை அரிசி, ஐஸ்கட்டி, மண் போன்றவற்றைத் தின்ன ஆசை வரும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. இதுவும் இரும்புக் குறைவின் ஓர் அறிகுறியே. வைத்தியரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

பரிசோதனை முடிவு வந்தால் இரண்டு எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது ஹீமோகுளோபின். கர்ப்பமில்லாத வளர்ந்த பெண்ணுக்கு ஒரு லீற்றர் குருதியில் 120 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊரில் இதையே 12 என்பார்கள். அங்கு டெசிலீற்றரில் அளப்பதால் இந்த வேறுபாடு. இங்கு 84 என்று வந்தால் ஊர்க் கணக்கில் அது 8.4. "எண்பத்து நாலு தானே, நல்ல மார்க்ஸ்" என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது பெரிற்றின். இது உடலின் இரும்புக் களஞ்சியத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமுக்குக் குறைந்தால் களஞ்சியம் வெறுமை என்று கொள்ளலாம். 30க்குக் குறைந்தாலே குறைபாடு என்று பிரித்தானிய வைத்தியர்கள் பலர் கருதுகின்றனர். காய்ச்சல், மூட்டுவாதம் போன்ற அழற்சி இருந்தால் இரும்பு குறைந்திருந்தும் பெரிற்றின் உயர்ந்து காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் பகுதி: பெட்டியின் மேல் எழுதியிருப்பது என்ன?

பெட்டியில் "200 மில்லிகிராம்" என்று எழுதியிருந்தால் அதில் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று பொருளல்ல. அது இரும்பு சேர்ந்த உப்பின் நிறை. உடலுக்கு வேண்டிய தனி இரும்பு அதில் ஒரு பகுதியே. இந்நாட்டில் வழக்கமாகக் கொடுக்கப்படுபவை இவை:

பெரஸ் சல்பேற் 200 மில்லிகிராம் குளிசையில் தனி இரும்பு 65 மில்லிகிராம்.
பெரஸ் பியூமரேற் 210 மில்லிகிராம் குளிசையில் ஏறக்குறைய 68 மில்லிகிராம்.
பெரஸ் குளுக்கோனேற் 300 மில்லிகிராம் குளிசையில் 35 மில்லிகிராம்.

கடைகளில் விற்கும் சத்து மாத்திரைகளிலும் பழரசம் போன்ற ரொனிக்குகளிலும் பெரும்பாலும் 5 முதல் 20 மில்லிகிராம் வரையே இருக்கும். அவை குறையாமல் காக்க உதவலாம். வெறுமையான களஞ்சியத்தை நிரப்பப் போதா.

மூன்றாம் பகுதி: ஒரு சிறு கணக்கு

எமது பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். இதை அவர்களோடு இருந்து செய்து பாருங்கள்.

மேலே சொன்ன தாயின் ஹீமோகுளோபின் 84. அதை 124க்கு உயர்த்த வேண்டும். வேறுபாடு லீற்றருக்கு 40 கிராம். ஒரு சராசரிப் பெண்ணின் உடலில் ஏறக்குறைய 4 லீற்றர் குருதி. ஆகவே புதிதாக 160 கிராம் ஹீமோகுளோபின் செய்ய வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. 160ஐ 3.4ஆல் பெருக்க ஏறக்குறைய 545 மில்லிகிராம். இதன் மேல் களஞ்சியத்துக்கு ஒரு 300 மில்லிகிராமாவது வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 845 மில்லிகிராம்.

இனி வரவைப் பார்ப்போம். ஒரு பெரஸ் சல்பேற் குளிசையின் 65 மில்லிகிராம் இரும்பில் உடல் ஏற்பது எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 8 மில்லிகிராம். 845ஐ 8ஆல் வகுத்தால் நூறு நாளுக்கு மேல். மாதவிடாயிலும் செலவு உண்டு. ஆரோக்கியமான குருதி 2 மில்லிலீற்றர் போனால் ஒரு மில்லிகிராம் இரும்பு போகிறது. 80 மில்லிலீற்றர் போகும் பெண்ணுக்கு மாதம் 40 மில்லிகிராம் நட்டம்.

இந்தக் கணக்கில் நாம் கொண்ட எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒன்று மாறாது: இது ஒன்பது நாள் வேலையன்று, மாதக் கணக்கான வேலை. அதனால்தான் சடங்குக்கு முன் ஏற்றிவிடலாம் என்ற அவசரம் எவருக்கும் கைகொடுப்பதில்லை.

நான்காம் பகுதி: மூன்று குளிசை ஏன் மூன்று மடங்கு ஆகாது?

"சரி, நாளுக்கு மூன்று போட்டால் நூறு நாள் முப்பத்து மூன்று நாளாகக் குறையாதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் ஈரலில் இருக்கிறது.

அளவுக்கு மிஞ்சிய இரும்பு உடலுக்கு நஞ்சு. அதை வெளியேற்ற உடலுக்குத் தனியான வழி கிடையாது. ஆகவே உள்ளே வரும் இடத்திலேயே காவல் வைத்திருக்கிறது. ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருளே அந்தக் காவற்காரன். இது கண்டறியப்பட்டது 2000ஆம் ஆண்டை ஒட்டியே. எமக்குக் குளிசை எழுதிய பழைய வைத்தியர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இரும்பு நிறைய வந்ததும் ஹெப்சிடின் உயர்கிறது, சிறுகுடலின் கதவைச் சாத்துகிறது. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு வேளை எடுத்தால் ஏறக்குறைய 24 மணி நேரம் கதவு பாதி சாத்தியே இருக்கும். அதற்குள் விழுங்கும் அடுத்த குளிசையில் குறைவாகவே உள்ளே போகும்.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். 2015இல் வெளியான ஆய்வில், இரும்பு குறைந்த இளம் பெண்களுக்கு 40 மில்லிகிராம் கொடுத்தபோது சராசரியாக 6.7 மில்லிகிராம் உள்ளே போனது. ஆறு மடங்காக 240 மில்லிகிராம் கொடுத்தபோது 18.1 மில்லிகிராம் மட்டுமே போனது. ஆறு மடங்கு கொடுத்தும் மூன்று மடங்குகூட ஏறவில்லை. காலை, மாலை, மறுநாள் காலை என மூன்று வேளை கொடுத்தும், இரண்டு காலை வேளைகள் மட்டும் கொடுத்ததைவிடக் குறிப்பிடத்தக்க இலாபம் இல்லை.

2017இல் அதே குழுவினர் ஒருசாராருக்கு 60 மில்லிகிராமை 14 நாள் தொடர்ச்சியாகவும், மறுசாராருக்கு அதே 14 வேளைகளை ஒன்றுவிட்ட நாள் என 28 நாளிலும் கொடுத்தார்கள். நாள்தோறும் எடுத்தவர்கள் 16.3 வீதத்தையும், ஒன்றுவிட்ட நாள் எடுத்தவர்கள் 21.8 வீதத்தையும் உள்வாங்கினார்கள். இரத்தச்சோகை உள்ள பெண்களிடம் 2020இல் செய்த சிறிய ஆய்வும் இதே போக்கைக் காட்டியது.

உள்ளே போகாத இரும்பு எங்கே போகிறது? குடலிலேயே தங்கி எரிச்சல், வலி, மலச்சிக்கல் அல்லது வயிற்றோட்டம், குமட்டல் ஆகியவற்றைத் தருகிறது. ஆகவே மேலதிகமாக விழுங்கும் இரண்டு குளிசைகள் இரத்தத்துக்குச் செய்யும் நன்மையைவிட வயிற்றுக்குச் செய்யும் தொல்லையே பெரிது. எமது தாய் ஒன்பதாம் நாள் நிறுத்தியதன் காரணம் இதுதான். அவருடைய பொறுமை குறையவில்லை, அளவு கூடிவிட்டது.

ஐந்தாம் பகுதி: நாள்தோறுமா, ஒன்றுவிட்ட நாளா?

இதைக் கேட்டதும் "அப்படியானால் எல்லோரும் ஒன்றுவிட்ட நாளே எடுக்கலாம்" என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒன்றுவிட்ட நாள் எடுத்தால் ஒவ்வொரு குளிசையின் பயனும் கூடுகிறது. ஆனால் எடுக்கும் குளிசைகள் பாதியாகிவிடுகின்றன. முதல் சில கிழமைகளில் வேகமாக ஏறுவது நாள்தோறும் ஒன்று எடுப்பவர்களுக்கே.

பிரித்தானிய இரைப்பை குடல் நோய் வைத்தியர் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்வது: நாளுக்கு ஒரு குளிசையுடன் தொடங்குக; அதை ஏற்க முடியாதவருக்கு ஒன்றுவிட்ட நாள் ஒன்று, அல்லது வேறு வகை மருந்து, அல்லது நாளத்தின் வழியே ஏற்றும் இரும்பு. சுருக்கமாகச் சொன்னால்:

நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.
ஒன்றே கடினமானால் ஒன்றுவிட்ட நாள் ஒன்று.
இரண்டுமே முடியாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாக எடுக்க வேண்டாம். விட்டதை விட்டுவிட்டுத் தொடருங்கள்.

கர்ப்பிணிகளுக்கு அளவுகள் வேறு. முதல் மூன்று மாதங்களில் 110க்கும், பின்னர் 105க்கும், பிரசவத்தின் பின் 100க்கும் குறைந்தால் இரத்தச்சோகை என இந்நாட்டில் கொள்கிறார்கள். அவர்களுக்கும் நாளுக்கு ஒருமுறை, 40 முதல் 80 மில்லிகிராம் தனி இரும்பே பரிந்துரை. ஊரில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுப்பார்கள். இங்கு பரிசோதித்துப் பார்த்தே கொடுப்பது வழக்கம். "அக்காவுக்குக் குடுத்தவை, எனக்குத் தரேல்லை" என்று மனம் வருந்த வேண்டியதில்லை, எண்ணைக் கேளுங்கள்.

ஆறாம் பகுதி: எப்படி எடுப்பது?

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் எடுப்பது நல்லது. எமது வீடுகளில் இதற்கு முதல் எதிரி தேநீர். விடிந்ததும் ஒரு கோப்பை தேநீர் அல்லது கோப்பி குடித்து, அந்தக் கையோடு குளிசையையும் விழுங்குகிறோம். கோப்பியுடன் எடுத்தால் உள்ளே போகும் இரும்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தேநீரும் அப்படியே தடுக்கும். குளிசைக்குப் பின் ஒரு மணி நேரமாவது தேநீர், கோப்பி, பால் மூன்றையும் தள்ளி வையுங்கள்.

தோடம்பழச் சாறு அல்லது தேசிக்காய்த் தண்ணீருடன் எடுப்பதில் தவறில்லை. விற்றமின் சி இரும்பு உள்ளே போக உதவும். ஆனால் அதற்கென்று தனியாக விற்றமின் சி குளிசை வாங்க வேண்டியதில்லை. சேர்த்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரேயளவில் ஏறியதை 2020இல் வெளியான சீன ஆய்வு ஒன்று காட்டியது.

வேறு மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். தைரொக்சின் எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விடவேண்டும். கல்சியம் குளிசை, வயிற்றுப்புளிப்பு மருந்து, சில நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் ஆகியவற்றையும் சேர்த்து விழுங்கக் கூடாது. எவ்வளவு இடைவெளி என்பதை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். நீரிழிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். இரும்புக் குறைவு மூன்று மாதச் சீனிப் பரிசோதனையின் எண்ணைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். சோகை இருப்பதை நீரிழிவு வைத்தியருக்கும் சொல்லுங்கள்.

சைவ உணவுக்காரருக்கு ஒரு குறிப்பு. இரும்பு மருந்துகளில் சில ஜெலற்றின் கூட்டில் வருகின்றன. அது விலங்கிலிருந்து எடுப்பது. மனம் ஒப்பாமல் குப்பையில் போடுவதைவிட, மருந்தகத்தில் கேட்டுக் குளிசையாகவோ பாணியாகவோ மாற்றிக்கொள்ளலாம். பாணியானால் பல்லில் கறை பிடிக்காமல் உறிஞ்சு குழாயால் குடிக்க வேண்டும்.

விரத நாள்களில் என்ன செய்வது? தண்ணீர் குடிக்கும் விரதமானால் காலைக் குளிசைக்குத் தடையில்லை. ஒரு நாள் விட்டாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் கந்தசஷ்டி போன்ற பல நாள் விரதத்தை, ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருக்கும்போது, வைத்தியரைக் கேளாமல் தொடங்க வேண்டாம்.

முருங்கைக்கீரை, பயறு, கடலை, எள்ளு, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லவையே. உண்ணுங்கள். ஆனால் தாவர உணவின் இரும்பில் சிறு பங்கே உடலில் சேர்கிறது. மூன்றாம் பகுதியின் கணக்கை உணவால் மட்டும் தீர்ப்பது கடினம். சோகை வந்தபின் உணவு துணை, குளிசையே மருந்து. சித்த, ஆயுர்வேத இரும்புச் செந்தூரங்களைக் குளிசையோடு சேர்த்து எடுக்க நினைப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரும்பு இரட்டிப்பாகலாம்; அத்துடன் அத்தகைய மருந்துகள் சிலவற்றில் ஈயம் கலந்திருந்ததும் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஏழாம் பகுதி: வயிறு ஏற்காவிட்டால்

மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் தார்போல ஒட்டும் தன்மையுடனும் கடும் நாற்றத்துடனும் போனால், அல்லது சிவப்பு இரத்தம் தெரிந்தால், அது குளிசையால் அன்று. உடனே வைத்தியரை நாட வேண்டும்.

குமட்டல் தாங்க முடியாவிட்டால் சிறிது உணவுடன் எடுக்கலாம். உள்ளே போவது குறையும்தான், ஆனால் லாச்சிக்குள் கிடக்கும் குளிசையைவிட அது மேல். இரவில் எடுத்துப் பார்க்கலாம். ஒன்றுவிட்ட நாளாக மாற்றலாம். இரும்பு குறைவாக உள்ள பெரஸ் குளுக்கோனேற்றுக்கு மாறலாம். "மெதுவாகக் கரையும்" வகையை மட்டும் நாமாக வாங்க வேண்டாம். இரும்பை ஏற்கும் இடம் சிறுகுடலின் தொடக்கப்பகுதி. அவை அதைத் தாண்டியபின் கரைவதால் பயன் குறைவு.

எட்டாம் பகுதி: எத்தனை காலம்?

இங்குதான் பலர் தவறுகிறோம். இரண்டு மூன்று கிழமைகளில் களைப்புக் குறைகிறது. "எனக்குச் சுகம்" என்று நிறுத்திவிடுகிறோம்.

முதல் நான்கு கிழமைக்குள் ஒரு பரிசோதனை செய்து, ஹீமோகுளோபின் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று நான்கு கிழமைகளில் 20 கிராம் அளவு ஏறுவது நல்ல அறிகுறி. ஏறவில்லை என்றால் குளிசையைக் கூட்டுவது பதிலன்று. ஏன் ஏறவில்லை என்று வைத்தியர் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். குருதி நிறைந்துவிட்டது, களஞ்சியம் இன்னும் நிறையவில்லை என்பதே காரணம். இதை இடையில் விட்டவர்கள் அடுத்த ஆண்டு மீண்டும் படியில் அமர்வார்கள்.

ஒன்பதாம் பகுதி: குளிசை எடுத்தால் போதுமா?

போதாது. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். இரத்தச்சோகை ஓர் அறிகுறி. இரும்பு எங்கே போனது என்ற கேள்விக்கு விடை காண வேண்டும்.

மாதவிடாய் உள்ள பெண்களில் அதிக இரத்தப்போக்கே பெரும்பாலும் காரணம். ஒரு மணிக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டிகளாகப் போகிறது, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது "எங்கட குடும்பத்து வழக்கம்" அன்று. கருப்பையில் கட்டிகள் இருக்கலாம். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமானால் பெண் வைத்தியரைக் கேட்கலாம். மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தேசிய சுகாதார சேவையில் அதற்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரும்புச் சோகை வந்தால், அது வயதின் குற்றமன்று. "அறுபது தாண்டிட்டுது, களைப்பு வரும்தானே" என்று பாட்டிமாரும் சொல்கிறார்கள், நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு இரும்பு வெளியேறும் வழி பெரும்பாலும் குடலே. வயிற்றுப்புண், நீண்டகாலம் எடுக்கும் வலிக்குளிசைகள், சில வேளைகளில் குடற்புற்றுநோய். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் பரிசோதனையும், குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் இதற்காகவே. இதே விதி ஆண்களுக்கும் பொருந்தும். நேரத்தோடு கண்டால் குணமாக்கக்கூடிய நோயை, குளிசையால் மறைத்து வைத்திருப்பது பெரும் இழப்பு. மலப் பரிசோதனைக் கடிதம் வந்தால் அருவருப்புப் பட்டுக் கிழித்தெறிய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

கோதுமைப் புரதத்தை ஏற்காத சீலியாக் நோய், வயிற்றுப்புளிப்பைக் குறைக்கும் மருந்துகளை நீண்டகாலம் எடுப்பது ஆகியனவும் இரும்பு உள்ளே போவதைத் தடுக்கும்.

பத்தாம் பகுதி: இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: சிறிய சிவப்பு அணுக்களும் குறைந்த ஹீமோகுளோபினும் எப்போதும் இரும்புக் குறைவைக் குறிப்பதில்லை. தென்னாசியக் குடும்பங்களில் தலசீமியா என்ற பரம்பரைக் கூறைச் சுமப்பவர்கள் உண்டு. அவர்களது குருதி அணுக்கள் இயல்பாகவே சிறியவை. பெரிற்றின் சரியாக இருக்கும்போது இரும்பு கொடுப்பதால் பயனில்லை; ஆண்டுக்கணக்கில் எடுத்தால் தீங்கும் வரலாம். ஆகவே அக்காவின் குளிசையைத் தங்கை எடுப்பது, பரிசோதிக்காமல் ஊரிலிருந்து வரவழைப்பது இரண்டும் வேண்டாம்.

இரண்டு: இரும்புக் குளிசை சிறு பிள்ளைகளுக்குக் கடும் நஞ்சு. இனிப்புப்போல் பளபளக்கும். சில குளிசைகளே உயிருக்கு ஆபத்தாகலாம். கைப்பையிலும் சுவாமி அறைத் தட்டிலும் வைக்காமல் பூட்டி வையுங்கள். பிள்ளை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், காத்திராமல் 999ஐ அழையுங்கள் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் கலந்து பேச ஐந்து வினாக்கள்

1. எமது வீட்டுப் பெண்களின் கடைசி ஹீமோகுளோபின், பெரிற்றின் எண்கள் என்ன? எப்போது பார்த்தது?
2. வீட்டிலுள்ள குளிசையில் தனி இரும்பு எத்தனை மில்லிகிராம்?
3. ஒரு நாளுக்கு மூன்று குளிசை ஏன் மூன்று மடங்கு பலன் தருவதில்லை?
4. காலைத் தேநீர் எத்தனை மணிக்கு, குளிசை எத்தனை மணிக்கு?
5. அம்மம்மாவின் களைப்புக்குக் காரணம் தேடினோமா?

அந்தத் தாயின் மிகுதிக் கதையையும் சொல்லி முடிக்கிறோம். மகளே அவரை வைத்தியரிடம் கூட்டிச் சென்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை. ஒன்றுவிட்ட நாள் ஒரு குளிசை, காலை ஆறு மணிக்கு. தேநீர் ஏழு மணிக்குப் பின். ஸ்கான் செய்தபோது கருப்பையில் கட்டிகள் தெரிந்தன. அதற்கும் மருத்துவம் தொடங்கியது. ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 122. "இன்னும் மூண்டு மாசம் இருக்கு" என்று இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார். குசினி நாட்காட்டியில் குளிசை எடுக்கும் நாளுக்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார், இடுபவள் மகள்.

இப்பாடம் பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் உடலை அறிந்த வைத்தியரின் சொல்லே உங்களுக்கு முதன்மையானது. இளையோர் படிப்பதற்காக இதன் சுருக்கம் ஆங்கிலப் பகுதியில் தரப்பட்டுள்ளது. பிள்ளைகளை வாசித்து அம்மாவுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோரையும் பார்க்கும் தாயை வீட்டில் எல்லோரும் பார்க்க வேண்டும். அனைவரும் நோயற்ற வாழ்வு பெற வேண்டுகிறோம்.



நலவியல் குழுவினர்